குறிஞ்சியும் ஷோலக்கிளியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2018இல் கொடைக்கானலில் குறிஞ்சி பார்த்தேன். சாலை முழுக்க வண்டிகள். சென்ற மே மாதம் அதே ஊரில் சோலைக்குள், அதாவது மலைமேல் இருக்கும் அடர்ந்த குளிர்காட்டுக்குள், ஒரு பறவை பாடியது. ஷோலக்கிளி என்றார் வழிகாட்டி. கேட்க எங்களைத் தவிர யாரும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதால்தான் பூவுக்கு இத்தனை மதிப்பா? உண்மையில் எது அரிது?

கே., தேனி

அன்புள்ள கே,

என்னைக் கேட்டால் பறவைதான்.

குறிஞ்சி நீலகிரியிலும் உண்டு, பழனி மலையிலும் மூணாறிலும் உண்டு. ஒரு சரிவில் உள்ள செடிகள் சேர்ந்தே பூத்து, விதை உதிர்த்து, சேர்ந்தே காய்ந்துபோகும். பூச்சிகள் தின்றது போகவும் விதை மிஞ்சும். அடுத்து 2030. வருடம் முன்கூட்டியே தெரிந்தால் கூட்டம் வரத்தான் செய்யும்.

நீங்கள் கேட்டது வெள்ளை வயிற்று ஷோலக்கிளி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, முதுகு கருநீலம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உயர்ந்த மலைகளில் மட்டும் வாழ்கிறது. நீலகிரியில் இருப்பது செம்பழுப்பு வயிறுள்ள வேறு இனம். 2017இல் இவற்றுக்கென்றே தனிப் பேரினம் வகுத்தார்கள். உலகில் வேறெங்கும் கிடையாது. இருட்டான சோலைத் தரையில், சருகுகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். விடிகாலையில் சீழ்க்கையும் கரகரப்புமாக அதன் பாட்டு நீளும். சிறகு இருந்தும் வெக்கையான பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது அரிது. அதனால் பாட்டும் மலைக்கு மலை வேறுபடுகிறது. ஒரு மலையின் சோலைகள் போனால் அந்தப் பாட்டும் போச்சு. அதைப் பாட வேறு மலையில் ஆள் இல்லை.

ஆனால் பூ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குறிஞ்சிக்குத் திறந்த புல்வெளி வேண்டும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. காரணம், வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் (சீகை மரம்), பைன், யூகலிப்டஸ் மரங்கள், அப்புறம் விவசாயம்.

அதற்காக வாட்டிலை மொத்தமாக வெட்டித் தள்ளச் சொல்வதும் சரியில்லை. முதிர்ந்த வாட்டில் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கின்றன. அவை வளர்ந்தால் நாளை ஷோலக்கிளிக்கு ஆகும். அங்கே கை வைக்க வேண்டாம். புல்லுக்குள் புதிதாக நுழையும் வாட்டில் கன்றுகளைத்தான் இப்போதே, முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே, பிடுங்க வேண்டும். 2030க்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.