குல்லா, மஃப்ளர், கையுறை: வாசகர் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் குரோஷேயில் (கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் பின்னும் முறை) கையால் பின்னிப் பரிசு தர நினைக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மஃப்ளரை 30 கண்ணியில் (ஸ்டிச்) தொடங்கினேன். இரண்டு முழம் பின்னியதும் எண்ணிப் பார்த்தால் 25தான் இருக்கிறது. ஐந்து எங்கே போயிற்று? (வாசகி, திண்டுக்கல்)

ஓரத்தில்தான் போயிருக்கும். நடுவில் கண்ணி தொலைவது அபூர்வம். அமெரிக்க முறை டபுள் குரோஷே என்ற உயரமான கண்ணியில், வரிசை முடிந்து திரும்பும்போது 3 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுகிறோமே, அதுதான் புது வரிசையின் முதல் கண்ணி. அதனால் அதன் அடியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியைக் குத்த வேண்டும். இதைப் பெரும்பாலும் எல்லாரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். கோட்டைவிடுவது வரிசையின் கடைசியில். முந்தைய வரிசையில் போட்ட அந்த 3 செயினின் உச்சியிலும் ஒரு கண்ணி விழ வேண்டும். ஆனால் அது பார்ப்பதற்குக் கண்ணி மாதிரியே இருக்காது. ஒல்லியாக, ஓரமாகச் சாய்ந்து கிடக்கும். அதை விட்டுவிட்டால் அந்த வரிசையில் ஒன்று குறைந்துவிடும்.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மூன்றாவது செயினில் ஒரு ஊக்கை மாட்டுங்கள். அடுத்த வரிசை அந்த ஊக்கு இருக்கும் இடத்தில் போய் முடிய வேண்டும். இதுவரை பின்னியதை, 30 சரியாக இருக்கும் வரிசை வரை பிரித்துவிடுங்கள். ஓரத்தில் கூட்டிச் சரிக்கட்டினால், அந்த இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கி, கழுத்தில் போடும்போது கண்ணை உறுத்தும்.

லண்டனில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் குல்லா பின்ன ஆசை. தலையை அளக்க வழியில்லை. போன வருஷம் பின்னியது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. (வாசகி, மயிலாப்பூர்)

பெண்களுக்குத் தலைச் சுற்றளவு 55 செ.மீ., ஆண்களுக்கு 58 என்று வைத்துக்கொள்ளலாம். குல்லா அதைவிட 4 செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். மருமகளுக்கு 51 செ.மீ. அதை 3.14ஆல் வகுத்தால் 16 செ.மீ. சொச்சம். உச்சியில் பின்னும் வட்டத்தின் குறுக்களவு இதுதான். வட்டம் 16 செ.மீ. வரும்வரை கண்ணிகளைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு கூட்டாமல் நேராக இறக்குங்கள். குல்லாவின் பொருத்தமே இந்த ஒரு அளவில்தான் இருக்கிறது.

நடுத்தர கனமுள்ள உல்லன் நூல், 5 மி.மீ. ஊசி, ஹாஃப் டபுள் குரோஷே (டபுளைவிடச் சற்றுக் குட்டையான கண்ணி). நூலை விரலில் வளையமாகச் சுற்றி அதில் 10 கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் 20. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 30. இப்படிச் சுற்றுக்குப் பத்தாகக் கூட்டினால் ஏழாம் சுற்றில் 70 வரும். அங்கே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நீங்கள் இறுக்கிப் பின்னுபவர் என்றால் 14 செ.மீ.தான் இருக்கும், இன்னொரு சுற்று கூட்டுங்கள். மகனுக்கு 54 செ.மீ. என்பதால் வட்டம் 17 செ.மீ.

வட்டம் அப்பளம் மாதிரி அலையடித்தால் கண்ணி அதிகம், கிண்ணமாகக் குழிந்தால் குறைவு. கூட்டல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வட்டத்துக்கு மூலைகள் முளைக்கும், அதனால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

காதுக்கு மேலே நின்றதற்குக் காரணம் குல்லாவின் உயரம் போதாததுதான். உச்சியிலிருந்து விளிம்பு வரை 21 செ.மீ. வேண்டும், மடித்துவிட ஆசைப்பட்டால் இன்னும் 5.

ஒரு வீடியோவில் டபுள் என்கிறார்கள், அதே பின்னலை இன்னொன்றில் ட்ரெபிள் என்கிறார்கள். எது சரி? (வாசகி, யாழ்ப்பாணம்)

இரண்டும் சரி. அமெரிக்கர்களின் சிங்கிள், பிரிட்டிஷ்காரர்களுக்கு டபுள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷில் ட்ரெபிள். குறிப்பில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை.

டொரோண்டோவில் தங்கைக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம். குழந்தைக்குக் குல்லா பின்ன என்ன நூல் வாங்கலாம்? (வாசகி, கோவை)

மிருதுவான அக்ரிலிக், அல்லது மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் மெரினோ (மிருதுவான ஆட்டுக் கம்பளி). சாதாரணக் கம்பளி வேண்டாம், வெந்நீரில் ஒருமுறை சுழன்றாலே சுருங்கிக் கெட்டியாகிவிடும். கைக்குழந்தை வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்துத் துவைக்க யாருக்கு நேரம்? முடி பறக்கும் நூலும் வேண்டாம், வாயில் போகும்.

குரோஷே பின்னலில் இடைவெளி அதிகம், காற்று புகும். அந்த ஊர்க் குளிருக்குப் பூவேலை எடுபடாது. நெருக்கமாகப் பின்னி, உள்பக்கம் காது படும் இடத்தில் 7 செ.மீ. அகலத்துக்கு ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்பான துணி) பட்டை வைத்துத் தையுங்கள். கழுத்தில் கட்டும் நாடா, பட்டன், பஞ்சுக் குஞ்சம் எதுவும் கூடாது. குழந்தை தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு நூல் வாங்குவது? (வாசகர், ஓசூர்)

நடுத்தர நூலில், பெரியவர் குல்லாவுக்கு 100 கிராம், 160 செ.மீ. மஃப்ளருக்கு 250, விரலில்லாக் கையுறை ஜோடிக்கு 80. மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கான எண்) இருக்கும், அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கடை வெளிச்சத்தில் ஒரே சிவப்பாகத் தெரிந்த இரண்டு பந்து, மஃப்ளரின் நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும்.

அக்ரிலிக் மஃப்ளரின் ஓரம் சுருண்டிருந்தது. அயர்ன் பண்ணினேன், தொளதொளவென்று ஆகிவிட்டது. சரிசெய்ய முடியுமா? (வாசகி, ஊட்டி)

முடியாது. அக்ரிலிக் சூட்டில் இளகி, நூலின் துள்ளலே போய்விடும். அடுத்த முறை ஈரப்படுத்தி, துண்டில் ஒற்றி, கட்டில் விரிப்பின் மேல் நேராக விரித்து ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். பரிசோடு ஒரு துண்டுச் சீட்டில் 'குளிர்ந்த நீர், விரித்துக் காயவைக்கவும், அயர்ன் வேண்டாம்' என்று எழுதி வையுங்கள்.