பெண்ணானாலும் ஃபெரோக்ஸ்தான்

மக்கானா பாக்கெட் போட்டு விற்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "உறையில் முன்பக்கம் ‘தாமரை விதை’ என்றும், பின்னால் தாவரப் பெயரை ‘யூரியாலே ஃபெரோக்ஸ்’ என்றும் அச்சடித்துவிட்டோம். யூரியாலே பெண் பெயர், அதனால் ‘ஃபெரோக்ஸா’ என்றுதான் வரணுமாம். மறுபடி அடிக்கச் சொல்கிறார் டிசைனர். மாற்றவா?"

அந்தப் பெயரை மாற்றாதீர்கள். டிசைனருக்கு இன்னொரு பில் போட ஆசை, அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் வம்பு. யூரியாலே பெண்தான், கிரேக்கப் புராணத்தில் மெடூசாவின் சகோதரி. நாம் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று ஒரே ‘நல்ல’வை வைத்து ஓட்டிவிடுகிறோம். இலத்தீனில் பெயரடை பால் பார்த்து வாலை மாற்றும். ‘பயிரிடப்படுவது’ என்ற ஒரே சொல் நெல்லுக்கு ஒரைசா சட்டைவா, குங்குமப்பூவுக்குக் குரோக்கஸ் சட்டைவஸ், பட்டாணிக்குப் பைசம் சட்டைவம். இதை அரைகுறையாகப் பார்த்தவர்கள் கண்ட இடத்திலெல்லாம் ஒரு ‘ஆ’ ஒட்டிவிடுகிறார்கள்.

ஃபெரோக்ஸ் அந்த வகையே இல்லை. எழுவாயாக, ஒருமையில் நிற்கும்போது மூன்று பாலுக்கும் அதே வடிவம். காட்டுத்தனம் என்ற பொருளுள்ள ‘ஃபெரஸ்’ஸோடு பார்வையைக் குறிக்கும் ஒரு பழைய வேர் சேர்ந்து பிறந்த சொல் அது: முரட்டுப் பார்வை கொண்டது. (இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ர’த்துக்கும் இதற்கும் உறவில்லை.) இலை, காய் எல்லாம் முள்ளாக இருப்பதால் 1805இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சாலிஸ்பரி இந்தப் பெயரைச் செடிக்கு வைத்தார்.

அடுத்து உங்களிடம் அகராதியைக் காட்டுவார்கள். ‘ஃபெரோக்ஸ், ஃபெரோக்கிஸ்’ என்று இரண்டு வடிவம் இருக்கும். இரண்டாவதுதான் பெண்பால் என்பார்கள். இல்லை. ‘நல்ல’ என்ற பொருளுள்ள சொல்லுக்குப் போட்டிருப்பது போல ‘போனஸ், போனா’ என்று இருந்தால் இரண்டாவது பெண்பால், சரி. இங்கே இரண்டாவது ஆறாம் வேற்றுமை, ‘முரடனுடைய’ என்பது போல. பால் அல்ல, வேற்றுமை. அகராதிக்காரர்கள் இரண்டையும் ஒரே மாதிரி காற்புள்ளி போட்டு எழுதித் தொலைத்திருக்கிறார்கள், நான் என்ன செய்ய! நம் பாடப் புத்தகமோ இரண்டு மார்க்குக்குப் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லும். அது ஏன் அப்படி முடிகிறது என்று ஒரு வரி சொல்லாது.

அப்புறம், அடுத்த முறை அச்சடிக்கும்போது முன்பக்கத்தைத் திருத்துங்கள். மக்கானா அல்லிக் குடும்பம். தாமரை வேறு செடி, அதன் தாவரப் பெயர் நெலம்போ. உங்கள் டிசைனர் கண்ணில் படவேண்டிய தப்பு அதுதான்.