முதன்முறையாக வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்க ஆசை. எந்த ரகம் வாங்கலாம், எப்படித் தொடங்குவது?

ரகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச வருடமாக வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ராத்திரி அவை எங்கே தூங்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பகலில் கோழி தன்னைப் பார்த்துக்கொள்ளும், ஓடும், பறக்கும், கத்தி ஊரைக் கூட்டும். இருட்டிவிட்டால் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருக்கும், கீரி வந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி.

அதனால் கூண்டு தயாரான பிறகே கோழி. உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே மேய அடைப்பு இருந்தால் அதில் ஒன்றுக்கு 10 சதுர அடியாவது வேண்டும். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையை நம்ப வேண்டாம். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் மனசு வைத்தால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலைதான் சரி. அதன் அடிப்பக்கத்தை ஓர் அடி ஆழம் மண்ணில் புதைத்துவிட்டால் தோண்டி நுழைய முடியாது. காற்று போக்குவரத்துக்குத் திறப்பு, கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா தங்கினால் மூச்சுக்கோளாறு வரும். மூக்கை உள்ளே நீட்டினால் காந்துகிறதா, கூண்டைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உட்கார ஒரு கம்பு வேண்டும். அது முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் கோழி தூங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே படுத்து முட்டையையும் அசிங்கமாக்கிவிடும். நாலு கோழிக்கு ஒரு பெட்டி போதும். ரெண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றுக்குத்தான் சண்டை போடும், அது வேறு கதை.

அப்புறம், குஞ்சா, பெரிய கோழியா? என்னைக் கேட்டால் முதல் தடவை குஞ்சு வேண்டாம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு கொடுக்க வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு பாதி சேவலாக நிற்கலாம். 16 முதல் 18 வாரம் ஆன விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாக, மூன்று, நான்கு வாங்குங்கள். சில வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒற்றைக் கோழி மட்டும் வாங்காதீர்கள், கூட்டமாக வாழும் பிராணி அது. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்க மட்டும்தான் சேவல் வேண்டும். மூன்று பெட்டைக்கு நடுவே ஒரு சேவலை விட்டால் அவற்றின் முதுகில் இறகு மிஞ்சாது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தையும் யோசியுங்கள்.

வந்த முதல் வாரம் வெளியே விடாமல் அடைத்தே வையுங்கள். இதுதான் வீடு என்று பதிந்துவிட்டால், பிறகு பொழுது சாயும்போது தானாகவே வந்து ஏறிவிடும். நீங்கள் கதவைச் சாத்தினால் போதும். அந்த ஒரு வேலையை மட்டும் ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 சதவீதம் புரதம் இருக்கிறதா பாருங்கள். அதில் கால்சியம் அதிகம் என்பதால் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். ஓடு கெட்டியாகாத தோல்முட்டை வந்தால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானது எடுத்துக்கொள்ளும். சமையலறை மிச்சம் கொஞ்சமாகப் போடலாம். உப்பு மிகுந்தது, பூஞ்சை பிடித்தது, வேகாத காய்ந்த பீன்ஸ், அவகாடோ தோலும் கொட்டையும் கூடாது. தீவனத்தைவிடத் தண்ணீர் முக்கியம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். வெயில் நாளில் சில மணி நேரம் தண்ணீர் இல்லாவிட்டாலே முட்டை குறைந்துவிடும்.

காய்ந்த மண் ஓரிடத்தில் இருக்கட்டும், புரண்டு குளித்துப் பேனைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் செம்பேன் பகலில் கம்பின் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரிதான் வந்து ரத்தம் குடிக்கும். அவ்வப்போது இருட்டியபின் டார்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூண்டில் கை வைத்த பிறகு சோப்பு போட்டுக் கழுவுவது பிள்ளைகளுக்கும் பழக்கமாகட்டும், சால்மோனெல்லா கிருமி நலமாகத் தெரியும் கோழியிடமும் இருக்கும்.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும், ஆகவே தினமும் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். இறகு உதிரும் காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவிடும். இரண்டு வயதுக்கு மேல் முட்டை வருடா வருடம் குறையும். கோழியோ அதற்கப்புறமும் பல வருடம் இருக்கும். அப்போது என்ன செய்வது என்று வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பிள்ளைகள் பெயர் வைத்துவிட்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.