திங்கள் 37, வெள்ளி 27: பிளக்-இன் ஹைபிரிட் காட்டும் கிலோமீற்றர் ஏன் மாறுகிறது?

கேள்வி: பேராதனையில் வசிக்கிறேன். 2014ஆம் ஆண்டு மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் (பிளக்கில் சார்ஜ் செய்யும் பற்றரியும் பெற்றோல் எஞ்சினும் உள்ள கார்) வைத்திருக்கிறேன். தினமும் இரவில் முழுதாகச் சார்ஜ் போடுகிறேன். திங்கள் காலை மின்சாரத்தில் 37 கி.மீ. ஓடும் என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை அதே முழுச் சார்ஜுக்கு 27தான். வார இறுதியில் நுவரெலியா போய் வருவோம். பற்றரி பழுதாகிறதா?

பதில்: பற்றரி தேய்ந்தால் எண் மெதுவாக இறங்கும், இறங்கியது அடுத்த திங்கள் திரும்ப ஏறாது. உங்களுடையது ஏறி இறங்குவதால், ஒரு வாரத்துக்குள் மாறுவது பற்றரி அல்ல, காரின் கணக்கு.

கணக்கு இதுதான்: எஞ்சினைக் கூப்பிடாமல் எடுக்கக்கூடிய மின்சாரத்தை, அண்மைக்காலத்தில் ஒரு கிலோமீற்றருக்குச் செலவான மின்சாரத்தால் வகுப்பது. உங்கள் மொடலில் பற்றரி 12 அலகு (கிலோவாட் மணி). அதை அடிவரை காலிசெய்ய கார் விடாது. ஏறத்தாழ 30 சதவீதத்தில் எஞ்சினை எழுப்பிவிடும். புதிதாக இருக்கும்போது ஓட்டத்துக்குக் கிடைப்பது எட்டு, எட்டரை அலகு. 100 கி.மீ.க்கு 20 அலகு செலவானால் அது 42 கி.மீ., 28 அலகு செலவானால் 30 கி.மீ. இந்தக் கார் ஜப்பானின் ஜேசி08 சோதனையில் 60.2 கி.மீ., ஐரோப்பாவின் என்ஈடிசி சோதனையில் 52 கி.மீ. என்று சான்று பெற்றது. ஒரே காருக்கு ஆய்வுகூடத்திலேயே இரண்டு எண் வருகிறது என்றால் கண்டி வீதியில் மூன்றாவது எண் வருவதில் வியப்பில்லை.

இனி உங்கள் வாரத்தைப் பாருங்கள். ஞாயிறு மாலை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலிருந்து 500 மீற்றர் அளவிலுள்ள கண்டிப் பக்கம் இறங்குகிறீர்கள். ரம்பொடைச் சரிவுகளில் மோட்டர் மின்சாரம் செலவழிப்பதை விட்டு உற்பத்தி செய்கிறது. அண்மைச் செலவு மிகக் குறைவு என்று பதிவாகிறது. இரவு சார்ஜ் ஏறியதும், திங்கள் காலை கார் அந்தச் சிக்கனக் கணக்கை வைத்தே எண்ணைக் காட்டுகிறது. முன்னால் ஏற்றமா இறக்கமா என்று அதற்குத் தெரியாது. நான்கு நாள் நகர நெரிசலில் ஓடியதும் எண் 27க்கு வருகிறது. என் பார்வையில் உங்கள் அன்றாடப் பாதைக்கு வெள்ளிக்கிழமை எண்ணே உண்மைக்கு நெருக்கம்.

ஆட்களோடு இரண்டு தொன் எடையுள்ள வண்டி 100 மீற்றர் உயரம் ஏற, வழக்கமான ஓட்டச் செலவுக்கு மேலே அரை அலகுக்குச் சற்று அதிகம் வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு உயரத்துக்கு மட்டுமே ஏழரை அலகு. பற்றரியில் கிடைப்பது கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். இறங்கும்போது ஒரு பங்கு திரும்ப வரும், முழுவதும் வராது. மேலே தங்கும் விடுதியில் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு இறங்குவதும் நட்டம். நிரம்பிய பற்றரி, இறக்கத்தில் மோட்டர் உற்பத்தி செய்யும் மீள்மின்சாரத்தை ஏற்காது. அந்தச் சக்தி பிறேக் தட்டுகளில் சூடாகவே போகும். டைமர் வைத்துக் கொஞ்சம் இடம் விட்டுச் சார்ஜ் செய்யுங்கள், சரிவில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள நெம்புகோலால், மீள்மின்சாரம் அதிகம் எடுக்கும் பி4, பி5 நிலைக்குப் போங்கள்.

ஏசியின் செலவு தூரத்தைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. பலர் கவனிக்காத இடம் இது. கம்பிரசர் ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அது 100 கி.மீ.க்கு 2 அலகைத்தான் கூட்டும். நெரிசலில் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 6.7 அலகு கூட்டும். ஏசியைப் போட்ட உடனே எண் சில கிலோமீற்றர் சரிவது இதனால்தான், அது பழுதல்ல. வெயிலில் நின்ற வண்டியைச் சார்ஜர் கழற்றுமுன் குளிரவிட்டால், அந்த ஆரம்பச் செலவு சுவர் மின்சாரத்திலிருந்து போகும். நுவரெலியாக் குளிருக்கு ஹீற்றர் போட்டால் அடி இன்னும் பலம். மின் ஹீற்றர் உள்ள வண்டியில் அது பல கிலோவாட் இழுக்கும், இல்லாத வண்டியில் எஞ்சினே கிளம்பும்.

ஈரமான வீதி, காற்றுக் குறைந்த ரயர், கூரைமேல் ராக் எல்லாம் சில கிலோமீற்றரைத் தின்னும். ரயர் அழுத்தத்தைச் சாரதிப் பக்கக் கதவுத் தூணிலுள்ள ஒட்டியில் உள்ளபடி, ரயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள்.

இத்தனைக்கும் பின்னால் பற்றரி தேய்ந்தே இருக்கும். பத்து வயது தாண்டிய பற்றரிக்கு அது இயல்பு. எவ்வளவு என்று அறிய மீற்றரை நம்பவேண்டாம். எஞ்சின் தானாகக் கிளம்பும்வரை மின்சாரத்தில் ஓட்டி, வீட்டுக்கு வந்து பிளக்கில் ஒரு மின் அளவியைப் பொருத்தி, சார்ஜ் விளக்கு தானாக அணையும்வரை ஏற்றுங்கள். கடைசி நேரத்தில் கலங்கள் ஒன்றுக்கொன்று சமப்படுவதால் இடையில் கழற்றினால் கணக்குப் பிழைக்கும். சார்ஜ் இழப்பு 10 முதல் 15 சதவீதம் என்பதால் நல்ல பற்றரி சுவரிலிருந்து ஒன்பதரை, பத்து அலகு வாங்கும். ஏழரை அலகோடு நிறைந்துவிட்டால் கொள்திறன் முக்கால் பங்குதான்.

ஓபிடி கருவி (காரின் கணினித் தரவை வாசிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கொள்திறனை ஆம்பியர் மணியில் பார்க்கலாம். இந்தப் பற்றரியில் 40 ஆம்பியர் மணிக் கலங்கள் 80 தொடராக இருக்கின்றன, அதனால் தெரியும் எண்ணை 40உடன் ஒப்பிடுங்கள். அங்கே தெரிவதும் பற்றரி முகாமைக் கணினியின் மதிப்பீடே, காலப்போக்கில் உண்மையை விட்டு விலகும். சுவர் அளவியும் இதுவும் பெரிதாக முரண்பட்டால், பற்றரியை மாற்றச் சொல்லும் எவருக்கும் தலையாட்டுமுன், நிறுவனக் கருவி உள்ள திருத்தகத்தில் கொள்திறன் அளவீடு கேளுங்கள். பற்றரியை இறக்கி மீண்டும் நிரப்பி அளப்பதால் பல மணிநேரம் பிடிக்கும்.