சிவப்பு முனை ராடு: தூசி நெஞ்சுக்குள் போனால்?

கேள்வி: கடலூர் முதுநகரில் என் வீட்டுக்காரர் பத்து வருடமாக டிக் வெல்டிங் (டங்ஸ்டன் ராடு முனையில் மின்பொறி உண்டாக்கி உலோகத்தை ஒட்டும் வேலை) செய்கிறார். எவர்சில்வர் குழாய் வேலைதான் அதிகம். டங்ஸ்டன் ராடு பெட்டியில் கதிர்வீச்சுச் சின்னம் இருப்பதாகப் பையன் சொல்கிறான். காலையில் இவருக்குச் சளி கறுப்பாக வருகிறது. பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்கிறார். சரியா டாக்டர்?

பதில்: பையன் சொன்னது உண்மைதான் அம்மா. சிவப்பு முனை ராடில் டங்ஸ்டனோடு சுமார் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் உள்ள, கதிர்வீசும் அதே தோரியம். அதன் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. ராடு பெட்டியில் கிடக்கும்வரை பயமில்லை. கிரைண்டரில் வைத்துக் கூர் தீட்டுகிறாரே, அந்த ஒரு நிமிடம்தான் கவலை.

அப்போது பறக்கும் தூசியில் பெரிய துகளை மூக்கே பிடித்துவிடும். அடுத்த அளவுத் துகள் மூச்சுக்குழாய்ச் சளியில் ஒட்டும். அங்குள்ள நுண்மயிர்கள் அதைத் தொண்டைவரை தள்ளிக்கொண்டு வரும். கறுப்புச் சளி அப்படி வருவதுதான். பீடி, சிகரெட் இருந்தால் அந்த நுண்மயிர்கள் சோர்ந்துவிடும். இரண்டு மூன்று மைக்ரானுக்கும் சிறியவை (தலைமுடி சுமார் 70 மைக்ரான்) நுரையீரலின் காற்றறைக்குள்ளேயே போய்விடும். அங்கே நுண்மயிர் கிடையாது. தோரியம் ஆக்சைடு எளிதில் கரையாது, வருடக்கணக்கில் தங்கும். கொஞ்சம் நிணநீர்க் கணுவுக்குப் போகும். ரத்தத்தில் கலக்கும் சிறு பங்கு பெரும்பாலும் எலும்பில் உட்காரும். தோலைத் தாண்டாத கதிர், உள்ளே போனதும் உயிருள்ள செல்லை ஒட்டி நின்று அடிக்கிறது.

பாலும் பழமும் போவது இரைப்பைக்கு. தூசி இருப்பது நுரையீரலில். தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் மருந்தென்று நம்ப வேண்டாம்.

தோரியத்தைவிட எனக்குப் பெரிய கவலை எவர்சில்வர் புகைதான். அதில் குரோமியமும் நிக்கலும் வருகின்றன. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் முடிவு செய்தது. புகையை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வைக்க முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். தோரியம் இல்லாத லாந்தனம் ராடு, பொன்னிற அல்லது நீல முனையோடு வருகிறது, அதற்கு மாறட்டும். அப்புறம், வேலைச் சட்டையை வாசலில் உதறாதீர்கள். தனியாக ஊறவையுங்கள்.

அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். வெல்டர் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். நுரையீரலில் படிந்த இரும்புத் துகள் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தொழில் தெரியாவிட்டால் அதை டிபி என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. சளியில் ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.