கலயத்து அரிசி

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் நீங்கள் கொண்டாடிய கிறிஸ்துமஸ் பற்றிய கட்டுரையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "வீட்டில் இருந்தது ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னோம்" என்று முடித்திருந்தீர்கள். "பசியோடு கிடந்துவிட்டு எதற்கு நன்றி சொன்னார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

என் அப்பா கீழமாசி வீதியில் மூட்டை சுமந்தவர். ஞாயிறுதோறும் என் கையில் நாலணா கொடுத்துக் காணிக்கைப் பையில் போடச் சொல்வார். ஆராதனை முடிந்ததும் முறுக்குக் கடையை வெறுங்கையோடு தாண்டி வருவோம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களைப் போன்றவர்கள் வறுமையை அழகாக்கிவிடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம். பெயரும் வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போனாள். அவள் கொண்டுவந்த கூலியில்தான் எனக்குச் சிலேட்டும் சட்டையும் வந்தன. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். அவள் படிப்பு நின்றதற்காக நான் ஒருநாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வறுமையைக் கர்த்தர் கொடுத்த வரம் என்று யாராவது பிரசங்கம் செய்தால் எழுந்து போய்விடலாம் என்று இருக்கும்.

பிறகு எதற்கு நன்றி சொன்னோம்? அதற்கு எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்த கலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்றாடம் எங்களுக்குச் சோளச் சோறும் கம்பங்கூழும்தான். அரிசிச் சோறு வாரத்தில் ஒன்றிரண்டு நாள். அரிசி களைவதற்கு முன் அம்மா ஒரு கைப்பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். அரிசி இல்லாத நாளில் ஒரு கைப்பிடி கம்பு. கைப்பிடி அரிசிக் காணிக்கை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அவரவர் கலயத்தைக் கொண்டுவந்து ஆலயத்து ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். திங்கட்கிழமை அதைப் படியால் அளந்து, கடை விலையைவிடக் குறைத்து விற்பார்கள். அந்தப் பணம் ஆலய விளக்குக்கான எண்ணெய்க்கும், சபையைக் கவனித்த உபதேசியார் சம்பளத்துக்கும் போகும்.

திங்கட்கிழமை அந்த அரிசியை வாங்க நிற்பவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

ஞாயிறு கொடுத்ததைத் திங்கள் காசு கொடுத்து வாங்குகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன். "வாங்கித் தின்கிறவள் கொடுக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, ஐயா?" என்றாள்.

அந்த அரிசியில் ரேஷன் புழுங்கல் இருக்கும், பச்சரிசி இருக்கும், நிலபுலன் உள்ள வீட்டுச் சன்ன அரிசியும் இருக்கும். ஒரே பானையில் கொதிக்கும்போது பச்சரிசி குழைந்துவிடும். தடித்த அரிசி விதைவிதையாக நிற்கும். பதம் வராத சோறுதான். ஆனால் அதில் எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப்படுகிறது என்றால், எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பால்பவுடருக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்பார்கள். இந்த ஏளனத்துக்கு வயது அதிகம். 1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென் மாவட்டங்களைச் சூறையாடியது. அதையொட்டி ஏராளமான ஏழைகள் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்கு விசுவாசத்தை விற்றவர்கள் என்ற பேச்சு அவர்களைத் துரத்தியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, நிர்வாகம் மாறிய பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. பசித்தவன் சோறு கிடைத்த இடத்தில் கடவுளைக் கண்டான் என்றால் அதில் என்ன இழிவு என்பது வேறு விஷயம். என் அம்மா யாரோடும் வாதாடியதில்லை. வாங்க மட்டுமே பிறந்தவள் என்று ஊர் அவளைப் பற்றிச் சொன்னதை அந்தக் கைப்பிடி அரிசியால் தினமும் மறுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நன்றி சொன்னது அதற்குத்தான். எங்களிடமும் கொடுக்க ஏதோ இருந்தது.

நன்றியைக் கேட்டு வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. ஒருமுறை புதுத்துணி கொடுக்க வந்தவர்கள் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, புகைப்படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். அந்தச் சட்டையை நான் இரண்டு வருடம் போட்டேன். ஆனால் அன்று சிரித்ததை நன்றி என்று என்னால் சொல்ல முடியாது.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு போட்டதை மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். அதைப் பிரசங்கிக்கும் பலர் அதற்குச் சற்று முன்னே உள்ள 40-ஆம் வசனத்தைத் தொடுவதில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். கண்டித்த கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அவளைக் கவனிக்கிறார். அவளை ஏழையாக்கியவர்கள்மேல் கோபம், அவள் கொடுத்ததன்மேல் மதிப்பு. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே இடத்தில் இருந்தன. என் அக்காவுக்காக வரும் கோபத்தையும் அம்மாவுக்காக வரும் ஸ்தோத்திரத்தையும் நான் அதனால்தான் ஒன்றுக்காக மற்றொன்றை விடாமல் வைத்திருக்கிறேன். என் கட்டுரையில் ஸ்தோத்திரம் மட்டும் இருந்தது. அது என் தவறு.

அந்தக் கலயம் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. வாய் சற்று உடைந்திருக்கிறது. இன்றும் அரிசி களையும் முன் ஒரு கைப்பிடி அதில் விழுகிறது.

உங்கள் முறுக்குக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. குழந்தைக்கு அது பெரிய இழப்புதான். ஆனால் மூட்டை சுமந்து சம்பாதித்த நாலணாவை உங்கள் அப்பா தானே பையில் போட்டிருக்கலாம். ஞாயிறுதோறும் ஏன் உங்கள் கையில் கொடுத்தார்? உங்கள் கடிதத்தில் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று இல்லை. இருந்தால், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.