பழைய எண், புது எண், நடுவில் ஒரு குவெரி

கேள்வி: திருவல்லிக்கேணியில் தண்ணீர் கேன் போடுகிறோம். வாடிக்கையாளர் விவரம் ஜாவா ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் இருக்கிறது, ஜேபிக்யூஎல் என்ற குவெரி (தேடல் கேள்வி) மொழியில் கேட்கிறோம். டோர் நம்பரை '12/47' (புதுசு/பழசு) என ஒரே ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வைத்திருக்கிறோம். வரிசைப்படுத்தினால் 2-க்கு முன் 10 வருகிறது. பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடுவது எப்படி? டெலிவரி சதவீதமும் 0 இல்லாவிட்டால் 100 என்றே வருகிறது.

பதில்: கடைசிக் கேள்விதான் சுலபம். 'கொடுத்தது / கேட்டது * 100' என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் முழு எண் ஃபீல்டு என்றால் 9-ஐ 10-ஆல் வகுத்ததும் தசமம் உதிர்ந்து 0 ஆகிவிடும். அப்புறம் நூறால் பெருக்கி என்ன பயன்? கேட்டதெல்லாம் கொடுத்த வீட்டுக்கு மட்டும் 100 வரும். '100.0 * கொடுத்தது / கேட்டது' என்று மாற்றுங்கள், 90 வரும்.

பழைய எண்ணுக்கு லொகேட் (ஒரு குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்வது), சப்ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங்கின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது) இரண்டும் போதும். லொகேட்டில் தேடும் குறியை முதலிலும் ஃபீல்டை அடுத்தும் கொடுக்க வேண்டும். ஜாவாவில் எண்ணிக்கை 0-வில் தொடங்கும், இங்கே 1-இல். '12/47'-இல் சாய்கோடு 3-ஆவது இடம். அதோடு 1 கூட்டி 4-இலிருந்து சப்ஸ்ட்ரிங் எடுத்தால் '47'.

சரி, சாய்கோடே இல்லாத வீடு? லொகேட் 0 தரும், 1 கூட்டினால் 1, முழு ஸ்ட்ரிங்கும் பழைய எண்ணாக வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, பையன் கேனைத் தூக்கிக்கொண்டு தப்பான படி ஏறுவான். அதனால் சாய்கோடு உள்ளவற்றை மட்டும் எடுக்கும் 'லைக் '%/%'' நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள் (% இருக்கும் இடத்தில் எதுவும் வரலாம்).

வரிசைப் பிரச்சினையில் குவெரியின் மேல் குற்றமில்லை. ஸ்ட்ரிங் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படும். '1' என்ற எழுத்து '2'-க்கு முந்தியது, அவ்வளவுதான். நீளத்தை வைத்து வரிசைப்படுத்தும் குறுக்குவழி சுத்தமான எண்களுக்குச் சரிப்படும். '12ஏ' என்று ஒரு வீடு வந்தால் போச்சு, நம் ஊரில் அது தெருவுக்கு நாலு இருக்கும். புது எண், பழைய எண் இரண்டையும் தனித்தனி எண் ஃபீல்டாகவும், 'ஏ', 'பி' போன்ற ஒட்டை மூன்றாவது ஸ்ட்ரிங் ஃபீல்டாகவும் பிரித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வேகமாகத் தேட உதவும் அட்டவணையான இன்டெக்ஸும் அப்போதுதான் உதவும். ஃபீல்டைச் சப்ஸ்ட்ரிங்கில் சுற்றிவிட்டால் பெரும்பாலும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

பகுதிப் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் இன்னொன்று. 'மயிலாப்பூர்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. நீளத்தை எண்ணும் லெங்த் 11 என்று சொல்லும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. முதல் 2 எழுத்தைச் சப்ஸ்ட்ரிங்கில் வெட்டினால் 'மயி' இல்லை, 'மய' கிடைக்கும். வெட்டாமல் 'லைக் 'மயி%'' என்று கேளுங்கள், ஒழுங்காக வரும்.

டெபாசிட் ஃபீல்டு நல் ஆக (மதிப்பே இல்லாமல்) இருக்கும் ஆட்களையும் பாருங்கள். நல் உடன் எதைக் கூட்டினாலும் நல்தான். நிபந்தனையில் அந்த வாடிக்கையாளர் சத்தமில்லாமல் காணாமல் போவார். நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோயலெஸ் போட்டு 0 ஆக்கிக்கொண்டு கூட்டுங்கள்.